மீட்டர் 5.02 காட்டியது, எனக்கு 141,000 ரூபாய் போனது

கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக் திருத்தகம் வைத்திருக்கிறேன். யூபிஎஸ், வாஷிங் மெஷின் போர்ட், இன்வெர்ட்டர் பிரிட்ஜ் போர்ட், தையல் இயந்திரம் என்று கையில் வருவதையெல்லாம் பார்ப்பேன். பதினான்கு வருடமாக ஒரே ஒரு மல்டிமீட்டரை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினேன். 2023இல் ஒரு இயந்திரத்தோடு ஆறு கிழமை மல்லுக்கட்டினேன். அப்போது கேட்டுப் பார்க்க எனக்கு ஆளில்லை. "போர்ட்டை ஓடர் பண்ணுவதற்கு முன்னால் சப்ளையின் அலையை ஒருதரம் பார்" என்று யாராவது சொல்லியிருந்தால் காசும் தப்பியிருக்கும், ஒரு மணப்பெண்ணின் பிளவுஸும் தப்பியிருக்கும். இதே வேலை செய்கிறவர்கள் யாராவது வாசித்தால் உதவட்டும் என்றுதான் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆவணிக் கல்யாணங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. வெள்ளவத்தையில் தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கோல் எடுத்தார். அவரிடம் ஒற்றைத் தலை எம்பிராய்டரி இயந்திரம் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுத்தால் தானே தைக்கும். அது தைத்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது என்றார். அடுத்த நாளே போனேன். பின்மூடியைக் கழற்றி பவர் சப்ளையில் மீட்டர் வைத்தேன். 24 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 24.1. 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 5.02. இதைவிட நல்ல அளவு யாருக்கு வேண்டும்? சப்ளை சரி, அப்படியென்றால் மெயின் போர்ட்தான் பிழை என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டு விஷயத்தை அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டேன். இரண்டுமே கண்முன்னால் இருந்தன. ஒன்று, அக்கா சொன்னது. "தம்பி, உது நூல் வெட்டேக்கதான் நிக்குது. சும்மா தைக்கேக்க ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். ஏதோ அவருக்குப் பட்டதைச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு விட்டேன். மற்றது மீட்டரிலேயே இருந்தது. இயந்திரம் ஓடும்போது 5.02 இடைக்கிடை 5.01 ஆகித் திரும்பியது. அதைக் கண்டேன். 0.01 வோல்ட்டை எவன் பெரிதாக எடுப்பான்? நான் எடுக்கவில்லை. அந்தக் கடைசி இலக்கத்துக்குள்தான் முழு வருத்தமும் ஒளிந்திருந்தது என்று விளங்க ஆறு கிழமை பிடித்தது.

அந்த மாடல் போர்ட் கொழும்பில் எங்கேயும் இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எனக்குத் தெரிந்த கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். கடைசியில் பாவித்த போர்ட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய். முந்தைய வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதன் பாதிப்பு இன்னும் விலைகளில் அப்படியே இருந்தது, பழைய போர்ட்டுக்கே அவ்வளவு காசு. அக்கா 50,000 முற்பணம் தந்தார், மிச்சத்தை நான் போட்டேன். வந்து சேர 23 நாள். அந்த 23 நாளும் அக்கா வெளியில் வேறொருவரிடம் காசு கொடுத்து எம்பிராய்டரி செய்வித்தார். காலையில் அவருடைய நம்பர் போனில் வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

போர்ட் வந்தது, மாட்டினேன். இரண்டு நாள் இயந்திரம் ஒரு சத்தமில்லாமல் ஓடியது. அந்த இரண்டு நாளும் அக்கா தைத்தது பாடசாலை பேட்ஜ், ஒரே நிற நூலில். நூல் மாற்றமும் இல்லை, வெட்டும் அவ்வளவாக இல்லை. அதை அப்போது யோசிக்கவில்லை, சரி முடிந்தது என்று நிம்மதியாக மற்ற வேலைகளைப் பார்த்தேன். மூன்றாம் நாள் கூறைச் சேலைக்கான பிளவுஸ் ஏறியது. கையில் மயில், முதுகில் பெரிய பூவேலை, ஏழெட்டு நிறம், நிறத்துக்கு நிறம் வெட்டு. பாதியில் திரை அணைந்து இயந்திரம் மறுபடி ஸ்டார்ட் ஆகி, துணியைப் பிடித்திருக்கும் சட்டம் தானாக ஆரம்ப இடத்துக்கு ஓடியபோது ஊசி இன்னும் துணிக்குள் இருந்தது. நான் போய்ப் பார்க்கும்போது பட்டு விரலளவுக்குக் கிழிந்து, தங்க நூல் சிக்குண்டு கிடந்தது. அக்கா ஏசவில்லை. பேசாமல் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துணிக்கும் கூலிக்குமாக 18,500 ரூபாய் நான் கொடுத்தேன், அவருடைய முற்பணம் 50,000த்தையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு வீட்டில் சாப்பிடவும் மனம் வரவில்லை. இந்தத் தொழிலே எனக்குத் தெரியாதோ என்று முதல்முறையாகப் பயந்தேன்.

பஞ்சிகாவத்தையில் வாகன எலக்ட்ரிக் வேலை செய்கிற நானா ஒருவர் எனக்குப் பழக்கம். ஹைபிரிட் கார் வந்த பிறகு அவர் கையில் எப்போதும் ஒரு ஸ்கோப் மீட்டர் இருக்கும். பார்க்க மல்டிமீட்டர் மாதிரிதான், ஆனால் திரையில் அலையையும் கோடாகக் காட்டும். கிராங்க் சென்சார், இன்ஜெக்டர் சிக்னல் எல்லாம் அதில்தான் பார்ப்பார். அவரிடம் பிளேன்டீ குடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க இலக்கத்த பாத்தீங்க, அலய பாக்கல்ல. இந்தா, கொண்டு போங்க. நாளைக்கி பின்னேரம் தாங்க, எனக்கும் வேல ஈக்கி" என்று அதைக் கையில் தந்தார். எப்படி வைப்பது என்றும் பத்து நிமிடத்தில் காட்டித் தந்தார்.

அடுத்த நாள் அக்காவின் கடையில் 5 வோல்ட் முனையில் ஸ்கோப்பின் புரோபை, அதாவது அளக்கும் முனையை, வைத்தேன். ஏசி கப்ளிங் (நிலையான வோல்ட்டை நீக்கி ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் நிலை) போட்டதும் முதலில் தெரிந்தது, இயந்திரம் சும்மா நிற்கும்போதே கோடு நேராக இல்லை. ரம்பப் பல் மாதிரி நெருக்கமாக ஏறி இறங்கியது, உச்சிக்கும் அடிக்கும் இடையில் 400 மில்லிவோல்ட் அளவு. நல்ல சப்ளையில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது. அப்புறம் முழு வோல்ட்டையும் காட்டும் டிசி கப்ளிங்குக்கு மாற்றி, ட்ரிகரை இறங்கும் விளிம்பில் 4.6 வோல்ட்டுக்கு வைத்து, சிங்கிள் போட்டுக் காத்திருந்தேன். அதாவது வோல்ட் 4.6க்குக் கீழே இறங்கும் கணத்தை ஒருதரம் பிடித்துத் திரை அப்படியே உறைந்து நிற்கும். அக்கா ஒரு கழிவுத் துணியில் இரண்டு நிறப் பூவொன்றை ஓடவிட்டார். ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, திரையில் ஒன்றும் இல்லை. முதல் நிறம் முடிந்து நூல் வெட்டும் சோலனாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) "டக்" என்று அடித்தது. அந்த நொடியே திரை உறைந்தது. நேராக வந்த கோடு ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியிருந்தது. அடி 3.8 வோல்ட், அகலம் இரண்டு மில்லி செக்கன். இயந்திரம் திரை அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆனது. "நான் சொன்னனான் எல்லோ" என்றார் அக்கா. ஆமாம், முதல் நாளே சொன்னார்.

மல்டிமீட்டர் இதை ஏன் காட்டவில்லை என்று அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். டிசியில் மீட்டர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவைப் புதுப்பிக்கும், அந்த இடைவெளிக்குள் வந்ததையெல்லாம் சராசரியாக்கி ஓர் எண்ணாகத் தரும். ஒரு புதுப்பிப்பு 330 மில்லி செக்கன் என்று வைப்போம். அதில் 2 மில்லி செக்கனுக்கு 1.2 வோல்ட் பள்ளம் விழுந்தால், சராசரியில் குறைவது 0.007 வோல்ட். 5.02 ஒரு கணம் 5.01 ஆகும், அவ்வளவுதான். மீட்டர் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சரியாகச் சொன்னது. ஆனால் போர்ட்டில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னக் கம்ப்யூட்டர் சிப்புக்குச் சராசரி தேவையில்லை. ஒரு மில்லி செக்கன் வோல்ட் குறைந்தாலும் அது ரீசெட் ஆகிவிடும். ரம்பப் பல் அலையும் அதே கதைதான். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் வைத்துப் பார்த்தேன். சாதாரண மீட்டர்களின் ஏசி அளவு சில நூறு ஹெர்ட்ஸ், கூடினால் ஒரு கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தகுந்தது. வேகமாகப் போட்டு அணைத்து வோல்ட் தரும் இந்தச் சுவிட்சிங் சப்ளையின் அலையோ பல பத்து கிலோ ஹெர்ட்ஸில் இருக்கும். என் மீட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

பிழை, 5 வோல்ட் பக்கத்தில் இருந்த வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமப்படுத்தும் 2200 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. விலை நூறு ரூபாய்கூட இல்லை. வீங்கவில்லை, கசியவில்லை, பார்க்கப் புதிது மாதிரி. கழற்றி மீட்டரின் கெப்பாசிட்டர் அளவில் வைத்தால் 1900 காட்டியது, யாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து, உள்தடை ஏறிவிட்டது. ஈஎஸ்ஆர் என்று சொல்லும் அந்த உள்தடை சில பத்து மில்லி ஓம் இருக்கவேண்டிய இடத்தில் அரை ஓமுக்கு மேல் போயிருந்தது. காய்ந்த காரணமும் பக்கத்திலேயே இருந்தது. சப்ளையின் காற்றாடி முழுக்க நூல் பஞ்சு அடைத்து, சுற்றவே இல்லை. இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கொழும்புச் சூட்டில், காற்றாடி நின்ற பெட்டிக்குள் அது எத்தனை நாள் தாங்கும்? கெப்பாசிட்டரை மாற்றி, காற்றாடியைச் சுத்தம் செய்து, மறுபடி ஸ்கோப்பை வைத்தேன். சோலனாய்டு அடிக்கும்போது கோடு ஒரு சின்ன நடுக்கத்தோடு நின்றது. பழைய போர்ட்டையே திரும்ப மாட்டிப் பார்த்தேன். வடிவாக ஓடியது. அதற்கு ஒருநாளும் பிழை இருந்ததில்லை.

அந்த இரவு இன்னொரு பழைய கணக்கும் நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது ஆட்கள் வீட்டு இன்வெர்ட்டர்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். ஒரு பெரியவரின் இன்வெர்ட்டர் என் மீட்டரில் 180 வோல்ட் காட்டியது. 230 இல்லை, இது பழுது என்று சொல்லி, அவரும் அதைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார். உண்மையில் அது மோடிஃபைட் சைன் வேவ் இன்வெர்ட்டர். உச்சி 325 வோல்ட், பாதி நேரம் மட்டும் இருக்கும் படிக்கட்டு அலை. அதன் ஆர்எம்எஸ், அதாவது உண்மையில் வேலை செய்யும் வோல்ட், கணக்குப் பார்த்தால் 230தான். ஆனால் ட்ரூ ஆர்எம்எஸ் (எந்த வடிவ அலையிலும் அதைச் சரியாக அளக்கும் வசதி) இல்லாத மீட்டர், அலை சைன் வடிவம் என்று நம்பிக்கொண்டு சராசரியை 1.11ஆல் பெருக்கிக் காட்டும். இங்கே சராசரி 325இன் பாதி, 162.5. அதை 1.11ஆல் பெருக்கினால் 180. அந்த இன்வெர்ட்டர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. அந்தப் பெரியவரை மறுபடி காணக் கிடைக்கவில்லை. கண்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும். உங்கள் மீட்டரில் ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர், டிம்மர், மோட்டார் டிரைவ் எதிலும் அதன் ஏசி அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நானாவின் மீட்டரைத் திருப்பிக் கொடுத்த கையோடு எனக்கும் ஒன்று வேண்டும் என்று அவசரப்பட்டேன். அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. 23,000 ரூபாய்க்கு ஒற்றைச் சேனல் (ஒரு நேரத்தில் ஓர் அலையை மட்டும் பார்க்கும்), 10 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதில் பிழை சொல்லமாட்டேன், அந்த விலைக்கு நல்ல சாமான். பிழை என்னுடையது. இரண்டாவது கிழமை ஒரு பிரிட்ஜ் போர்ட்டின் சப்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரின் பற்றரி இறங்கிவிட்டது. சரி, லாப்டாப்பில் யூஎஸ்பி வயரைச் செருகிச் சார்ஜ் ஏறட்டும், வேலையும் நடக்கட்டும் என்று நினைத்தேன். புரோபின் முதலைக் கிளிப்பை 230 வோல்ட் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் கவ்வவிட்டேன். ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், ட்ரிப் சுவிட்ச் விழுந்து கடை இருட்டானது. கிளிப்பின் பல் உருகிப் போயிருந்தது. மீட்டர் செத்துவிட்டது, லாப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டும் எரிந்துவிட்டது. அதைத் திருத்த 7,500. கை நடுக்கம் நிற்க அரை மணித்தியாலம் ஆனது. மனைவிக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன்.

இதை மட்டும் தயவுசெய்து வடிவாக மனதில் வையுங்கள். மேசை ஒசிலோஸ்கோப்பில் புரோபின் கிளிப் நேராக வீட்டு எர்த்தோடு இணைந்திருக்கும். சப்ளையின் 230 வோல்ட் பக்கத்தில் இருக்கும் மைனஸ், பெயருக்குத்தான் மைனஸ். எர்த்தை வைத்துப் பார்த்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் 325 வோல்ட் வரை கீழே போய் வரும். அங்கே எர்த்தைக் கவ்வினால் நேரடி ஷார்ட். கையடக்க ஸ்கோப் மீட்டரின் பெரிய நன்மையே அது பற்றரியில் எர்த்தோடு சம்பந்தமில்லாமல் மிதப்பது. நான் யூஎஸ்பி வயரைச் செருகி, எர்த் உள்ள மூன்று முள் சார்ஜரில் இருந்த லாப்டாப் வழியாக அந்த நன்மையை என் கையாலேயே அழித்தேன். அதனால் 230 வோல்ட் மின்சாரப் பக்கத்தில் கை வைக்கும்போது எந்த வயரும் மீட்டரில் இருக்கக்கூடாது. பற்றரியில் மிதந்தாலும் ஆபத்து முழுதாகப் போகாது. கிளிப் எங்கே கவ்வியிருக்கிறதோ அந்த வோல்ட் மீட்டரின் புரோப் செருகும் உலோகத்திலும் நிற்கும், அதைத் தொட்டால் அடிக்கும். இரண்டு சேனல் மீட்டர் என்றால் இன்னொன்று. பெரும்பாலானவற்றில் இரண்டு புரோபின் கிளிப்பும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் கவ்வினால் மீட்டருக்குள்ளாலேயே ஷார்ட் ஆகும். ஃப்ளூக் 190 வரிசை போன்ற விலை கூடியவற்றில்தான் சேனல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கும். எனக்குக் கட்டுப்படியாகாத விலை அது. அதனால் மின்சாரப் பக்கத்தில் ஒரே ஒரு கிளிப்பை மட்டும் மாட்டுவேன், கவ்வவிட்ட பிறகுதான் கரண்ட்டைப் போடுவேன், ஓடும்போது மீட்டரைக் கையில் பிடிக்கமாட்டேன்.

காசு சேர்த்து நான்கு மாதத்துக்குப் பிறகு ஓவோன் எச்டிஎஸ்242 என்ற ஸ்கோப் மீட்டர் வாங்கினேன். இரண்டு சேனல், 40 மெகா ஹெர்ட்ஸ், செக்கனுக்கு 250 மெகா சாம்பிள் (அளவெடுப்பு). ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. இதைத்தான் வாங்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. பவர் சப்ளை, மோட்டார், சென்சார் வேலைக்கு 10 மெகா ஹெர்ட்ஸே தாராளம், அந்த 23,000 ரூபாய் மீட்டர் உயிரோடு இருந்திருந்தால் இதை வாங்கியே இருக்கமாட்டேன். வாங்கும்போது மெகா ஹெர்ட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். சிங்கிள் ட்ரிகர் இருக்கிறதா, ட்ரிகர் அளவை நாமே நகர்த்தலாமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். எப்போதாவது ஒருதரம் வரும் பிழையைப் பிடிப்பது அதுதான், அது இல்லாத ஸ்கோப் அழகுக்குத்தான் உதவும். புரோப் இல்லாமல் நேராக எத்தனை வோல்ட் தாங்கும் என்று கேளுங்கள். எழுதியிருக்கும் எண் உச்சியா, உச்சிக்கு உச்சியா (மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை) என்றும் கேளுங்கள். எங்கள் 230 வோல்ட்டுக்கு உச்சி 325, உச்சிக்கு உச்சி 650. பலர் இங்கேதான் இன்புட்டை எரிக்கிறார்கள். வோல்ட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் 10 மடங்கு புரோப் கூடவே வருகிறதா என்றும் பார்க்கவேண்டும், மின்சாரப் பக்கத்தை எப்போதும் அதில்தான் பார்க்கவேண்டும். புரோபின் சுவிட்சை 10க்கு வைத்தால் மெனுவிலும் 10 என்று மாற்றவேண்டும். நான் ஒருநாள் மாற்றாமல் விட்டு, 32 வோல்ட்தான் வருகிறது என்று நம்பி 320 வோல்ட்டில் விரல் வைக்கப் போனேன். பக்கத்தில் மல்டிமீட்டர் இருந்ததால் தப்பினேன்.

பழகும் காலத்தில் நான் ஏமாந்த இன்னொரு இடம் டைம்பேஸ், அதாவது திரையின் அகலத்தில் எவ்வளவு நேரத்தைக் காட்டுவது என்ற அமைப்பு. சுவிட்சிங் அலையை மெதுவான டைம்பேஸில் பார்த்தால், சாம்பிள் போதாமல் இல்லாத ஒரு மெதுவான அலை திரையில் வரும். அப்படி ஒரு பொய் அலையைத் துரத்திக்கொண்டு ஒரு முழுப் பகல் போனது. இப்போது எப்போதும் வேகமான பக்கத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாகத் திறந்துகொண்டு வருவேன், அலையின் வடிவம் டைம்பேஸோடு சேர்ந்து மாறினால் நம்பமாட்டேன். ரிப்பிள், அதாவது அந்த ரம்பப் பல் ஏற்ற இறக்கம், பார்க்கும்போது கிளிப்பின் வயரை நீளமாக விடாதீர்கள், அந்த வயரே ஏரியலாகி இல்லாத முட்களையெல்லாம் காட்டும். அளக்கும் கெப்பாசிட்டரின் காலிலேயே கிளிப்பையும் முனையையும் வையுங்கள்.

பழைய மல்டிமீட்டரைத் தூக்கிப் போடவில்லை. வீட்டு மெயின் போர்ட் (கரண்ட் வந்து பிரியும் சுவிட்ச் போர்ட்), கனமான கரண்ட், ஏசி இணைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். மலிவான ஸ்கோப் மீட்டர்களின் முதுகில் எழுதியிருக்கும் கேட் மதிப்பை (எந்த இடத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று சொல்லும் தரத்தை) நம்பி மெயின் போர்ட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஸ்கோப்பும் மீட்டரும் ஒரே பெட்டியில் இருந்தாலும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டும் வேலை செய்யாது, மாறி மாறித்தான். அதனாலும் மேசையில் இரண்டும் கிடக்கின்றன. அதோடு ஒரு சின்ன டயோட் சோதனைக்கு ஸ்கோப்பின் பற்றரியை ஏன் செலவழிக்கவேண்டும்?

போர்ட் 92,000, பிளவுஸ் 18,500, எரிந்த மீட்டர் 23,000, லாப்டாப் 7,500. கூட்டினால் 141,000 ரூபாய். ஆறு கிழமை எனக்குப் போன வேலை நாட்களை இதில் சேர்க்கவில்லை. இப்போது எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் ஆளிடம், "எப்போது நடக்கிறது, அந்த நேரம் வேறென்ன சத்தம் கேட்கிறது" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அப்புறம் சப்ளையை மல்டிமீட்டரில் பார்த்து, சரியாக இருந்தாலும் அவர் சொன்ன அந்த நேரத்திலேயே ஸ்கோப்பையும் வைக்கிறேன். ஐந்து நிமிட வேலை. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போய் வந்த பிறகு, வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றிலிருந்து தண்ணீர்ப் பம்ப் கண்ட்ரோலர் வந்தது. புதிது வாங்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 12 வோல்ட் மீட்டரில் 11.9. ஸ்கோப்பில், ரிலே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் 8 வோல்ட்டுக்கு விழுந்து ஏறியது. மறுபடி ஒரு கெப்பாசிட்டர்தான். பின்னேரமே திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவின் இயந்திரம் அவருடைய பழைய போர்ட்டோடு இன்றைக்கும் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் போய்க் காற்றாடியின் பஞ்சை எடுத்துவிட்டு, நூல் வெட்டும்போது அலையை ஒருதரம் பார்த்துவிட்டு வருவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. 92,000 ரூபாய்ப் போர்ட் என் அலுமாரியில் பொலித்தீன் சுற்றியபடி இருக்கிறது. அதே இயந்திரம் வைத்திருக்கிற யாருக்காவது உண்மையிலேயே போர்ட் போய்விட்டால் தருவேன். ஆனால் அதற்கு முன்னால் சப்ளையின் அலையை நான் பார்க்கவேண்டும்.